பெருமாளின் காரில் இருந்த பெட்டி

அந்த இரண்டு குழிகளிலும் தூசி இருந்ததா, இல்லையா?

ஒன்பது வருடமாகியும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கண்ணை மூடினால் சில நாள் சாம்பல் நிறமாக ஏதோ படிந்திருந்தது போலத் தோன்றும். வேறு நாள் பித்தளை பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு குழியும் கட்டைவிரல் நகத்தளவுதான். ஆனால் அதை நான் பார்க்காததால் ஒரு மனிதர் பதினான்கு நாள் கூடுதலாகச் சிறையில் இருந்தார்.

நான் ஓய்வு பெற்றவள். முப்பத்திரண்டு வயதில் இப்படி எழுதுவதைப் பார்த்து என் கணவரே சிரிக்கிறார். பதுளை நகரத்தில் வானொலித் தொடர்புக் கருவிகளைத் திருத்தும் ஒரு பணிமனையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். போன மாதம், அங்கே இப்போது வேலை செய்யும் நிரோஷா ஸ்பிரிங்வெளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு புகைப்படம். ஓடாமல் நின்றுபோன பழைய பொலிஸ் ஜீப் ஒன்றில் கிடந்த வானொலி செட்.

"அக்கா, இது எந்தக் காலத்து சாமான்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் இப்ப செல்போன்தான் திறக்கிறாங்க. பழைய செட்ட எப்படிப் பாத்துச் சொல்றதுன்னு ஒரு கொப்பியில எழுதித் தாங்களேன்" என்றாள்.

சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் பெருமாளின் கார்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே கொப்பிக்கு முன், அதை இந்தப் பத்திரிகைக்கு எழுதி முடிக்கிறேன்.

அப்பா தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திர அறையில் இருந்தவர். உயர்தரம் முடித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் வானொலிப் பாடம் படித்து, இருபது வயதில் அந்தப் பணிமனையில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் ஈயம் பற்றவைப்பதைத் தவிர வேறெதற்கும் விடவில்லை. பெண் என்று அங்கே நான் ஒருத்திதான். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பகுதி தோட்டங்களிலிருந்து வந்தது. தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் நடுவில் பேசும் செட்டுகள், கொழுந்து லொறியில் பூட்டிய செட்டுகள். தேயிலைத் தூள் எந்த இடுக்கிலும் போகும். அதன் மேல் மூடுபனி இறங்கினால் களிம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் புகைதான் வரும். அதனால் எங்கள் பணிமனையில் ஒரு பழக்கம் இருந்தது. செட் மேசைக்கு வந்ததும் மூடியைக் கழற்றிப் பிரஷ்ஷால் முழுவதும் தட்டிவிட வேண்டும். பெயர்ச் சீட்டுக் கட்டுவதுகூட அதற்குப் பிறகுதான். மூன்று வருடத்தில் நான் எத்தனை செட்டுகளைத் தட்டியிருப்பேன் என்று தெரியாது. மூளைக்குத் தெரியும் முன் கை அதைச் செய்துவிடும்.

தலைமைத் தொழில்நுட்பராக இருந்தவர் திரு. சிவஞானம். யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது ஐம்பது வயதிருக்கும். செட்டைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். பென்சிலைச் சவர அலகால் சீவுவார். அறிக்கை எழுதும்போது "உள்ளது" என்ற சொல்லை விடமாட்டார். "காணப்பட்டது" என்றே எழுத வேண்டும். "கண்டதை எழுதும். நினைச்சதைக் கொண்டுபோய்க் கோயில்ல சொல்லும்" என்பார். கோபம் வந்தால் சத்தம் போடாமல் என் மேசைக்கு வந்து, நான் எழுதிய தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். திரும்ப எழுது என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் நீதிமன்றத்திலிருந்து அந்தப் பெட்டி வந்தது.

பெருமாள் பெரகலைச் சந்தியில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டியவர். அவருடைய கார் ஒரு காலத்தில் பொலிஸ் கார். ஆங்கிலேயர் செய்த பழைய வண்டி. பொலிஸ் அதைக் கழித்து விற்று, இரண்டு கை மாறி இவரிடம் வந்திருந்தது. ஒரு சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். உபரிச் சக்கரத்துக்குக் கீழே, காரின் உடலோடு இறுக்கப்பட்ட இரும்புப் பெட்டி. அதிலிருந்து வயர்கள். தமிழன் ஒருவனின் காரில் பேசும் கருவி. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் சந்தேகப்பட அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. காரைப் பொலிஸ் வளவில் நிறுத்திவிட்டு ஆளை வழக்கு முடியும்வரை விளக்கமறியல் சிறைக்கு அனுப்பினார்கள்.

நீதவான் நான்கு கேள்விகள் கேட்டிருந்தார். இது என்ன? எந்தக் காலத்தது? இதனால் பேச முடியுமா? அண்மையில் பயன்படுத்தப்பட்டதா?

முதல் இரண்டும் எனக்குச் சுலபம். நிரோஷா, இதைக் கொப்பியிலும் எழுதுவேன், இங்கேயும் எழுதுகிறேன். முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கையால் தூக்க முடியாத செட் என்றால் பழையது. அடுத்து உள்ளே பார். முழுவதும் வால்வு என்றால் அறுபதுகளுக்கு முன். முழுவதும் டிரான்சிஸ்டர் என்றால் எழுபதுகள். இதில் பேசும் பகுதி வால்வு, கேட்கும் பகுதி டிரான்சிஸ்டர். இரண்டும் கலந்த செட்டுகள் சில வருடங்களே வந்தன, ஆகவே அறுபதுகளின் நடுப்பகுதி. பிறகு தகட்டை ஒரு எழுத்து விடாமல் பிரதி செய். அர்த்தம் புரியாவிட்டாலும் செய்.

மூன்றாவது கேள்விக்கும் பதில் இருந்தது. இந்த வகைச் செட் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பதை இரண்டு கிறிஸ்டல் துண்டுகள் முடிவு செய்யும். பேச ஒன்று, கேட்க ஒன்று. அவை செருகியிருக்க வேண்டிய இரண்டு குழிகளும் வெறுமையாகக் காணப்பட்டன. காரைக் கழிக்கும்போது பொலிஸே பிடுங்கி எடுத்திருக்க வேண்டும். கிறிஸ்டல் இல்லாமல் அந்தப் பெட்டி பேசாது, கேட்காது.

ஆனால் அந்தக் கிறிஸ்டல் ஒரு நெருப்புப் பெட்டிக்குள் அடங்கும். பிடிபடும் முன் பிடுங்கி எறிந்திருக்கலாம் அல்லவா? அப்படித்தான் பொலிஸ் சொன்னது. ஆகவே எல்லாம் நான்காவது கேள்வியில் வந்து நின்றது. குழிகளில் பல வருடத் தூசி அடைத்திருந்தால், அண்மையில் அங்கே எதுவும் செருகப்படவில்லை என்று அர்த்தம். பெருமாள் வீட்டுக்குப் போகலாம்.

"பிள்ளை, மூடியைத் திறந்த உடன கிறிஸ்டல் குழியளைப் பாத்தனீரோ?" என்று சிவஞானம் சார் கேட்டார்.

என் வலது கையில் பிரஷ் இருந்தது.

"பாக்கல சார். தட்டிட்டேன்."

"என்னத்தைத் தட்டினனீர்?"

"எல்லாத்தையும்தான் சார். எப்பவும் செய்றதுதானே."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"உது தேயிலை பக்டரியில இருந்து வந்த செட் இல்லையே, பிள்ளை."

நான் மேசையைப் பார்த்தேன். தூசி இருந்தது. ஆனால் அது எங்கிருந்து விழுந்த தூசி? உறையிலிருந்தா, வால்வுகளிலிருந்தா, குழியிலிருந்தா? அதற்குமேல் காலையில் தட்டிய இன்னொரு செட்டின் தூளும் அதே மேசையில் கிடந்தது.

மத்தியானம் அவரே வந்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"குழியளில தூசி அடைஞ்சு காணப்பட்டது எண்டு எழுதும்."

"நான் பாக்கலையே சார்."

"முப்பது வருசப் பெட்டி. தூசி இல்லாமல் வேற என்ன இருக்கும்? குங்குமமோ?"

"இருந்திருக்கும் சார். ஆனா நான் பாக்கல."

"அந்தாள் உள்ளுக்குக் கிடக்கிறான். உமக்கு உம்மட வரி பெரிசோ, ஆள் பெரிசோ?"

"அப்படின்னா நீங்களே எழுதிக் கையெழுத்து வைங்க சார்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு துணிந்து பேசிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் வைச்சால் அவன் வெளியில வருவானே? பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கிற ஒருத்தன்ர கையெழுத்து அவனுக்கு உதவாது. இன்னும் கொஞ்சம் இறுக்கும். உம்மடது எண்டால் ஒருத்தரும் திருப்பிப் பாக்காயினம்."

அவர் சொன்னது உண்மை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. வாழ்நாள் முழுவதும் காப்பாற்றிய விதியை, முகம் தெரியாத ஒரு டிரைவருக்காக உடைக்கத் தயாராக இருந்தார். ஆனால் அவர் உடைக்கச் சொன்னது என் கையால்.

நான் எழுதவில்லை. அறிக்கையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். நான்காவது கேள்விக்கு இப்படி: குழிகள் வெறுமையாகக் காணப்பட்டன. பதிவு செய்யும் முன் பரிசோதகர் பெட்டியின் உட்புறத்தைச் சுத்தம் செய்துவிட்டார். ஆகவே அண்மைக்காலப் பயன்பாடு பற்றி இதைக்கொண்டு எதுவும் கூற முடியாது. கீழே என் பெயர் மட்டும்.

நேர்மையா, பயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். பொய் எழுதி, எங்கே அந்தத் தூசி என்று நீதவான் கேட்டால் முழு அறிக்கையும் குப்பைக்குப் போயிருக்கும் என்று மற்றவர்களிடம் சொல்வேன். அது நல்ல நியாயம்தான். ஆனால் அது பிறகு யோசித்துக் கண்டுபிடித்த நியாயம். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் எழுத மாட்டேன்.

வழக்கை அடுத்த தவணைக்குப் போட்டார்கள். பதினான்கு நாள்.

இரண்டாம் நாள் பெருமாளின் மனைவி வசந்தா பணிமனைக்கு வந்தார். பெரகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மலையிலிருந்து நேராக வந்திருந்தார், கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் ஈரம்கூடக் காயவில்லை.

"நீங்கதான் அந்த மிஸ்ஸா?"

"ஆமாங்க. உட்காருங்க."

"உட்கார வரல. ஒரு வரி எழுதினா எங்க வீட்டுக்காரரு வந்துருவாருன்னு இங்க இருக்கிற அந்தப் பெரியவரு சொன்னாரு. நீங்க எழுத மாட்டேங்கிறீங்களாம்."

"பொய் எழுத முடியாதுங்க."

"எதுங்க பொய்யி? அந்தப் பெட்டி மேல ஸ்டெப்னியப் போட்டு, அதுக்கு மேல சந்தைக்குப் போற கோவா, கரட் மூட்டைய ஏத்திக்கிட்டுத் திரிஞ்ச மனுசன். அது ரேடியோவா, ரொட்டி சுடுற அடுப்பான்னுகூட அவருக்குத் தெரியாது. நீங்களும் தோட்டத்து லயத்துல பொறந்தவங்கதானாமே?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன? ரெண்டு எழுத்துப் படிச்சதும் எங்களையெல்லாம் பரிச்சைப் பேப்பர் மாதிரி திருத்துறீங்களாக்கும். கையி நோகுதா ஒரு வரி எழுத?"

நான் அவரிடம் ஒன்று சொல்லியிருக்கலாம். "அக்கா, அந்த வரியை எழுத முடியாதபடி செய்ததே என் கைதான். நான் தட்டியிருக்காவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் நேற்றே வந்திருப்பார்" என்று சொல்லியிருக்கலாம். நீதவானுக்கு எழுத்தில் சொன்னதை அவரிடம் வாயால் சொல்லவில்லை. பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். கை தவறியவள் என்று தெரிவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, நான் பிரதி செய்த தகட்டின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. பொசிட்டிவ் எர்த்.

பழைய ஆங்கிலக் கார்களில் பற்றரியின் நேர் முனையைத்தான் காரின் உடலோடு இணைப்பார்கள். அதைத்தான் பொசிட்டிவ் எர்த் என்பார்கள். பிறகு வந்த கார்களில் எதிர் முனையை இணைத்தார்கள். பழைய காருக்குப் புதிய ஜப்பான் சாமான்கள் பூட்டும்போது இணைப்பைத் தலைகீழாக மாற்றிவிடுவது வழக்கம். அப்படி மாற்றிய காரில், பழைய முறைக்குச் செய்த இந்தச் செட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் அந்தக் கணமே டிரான்சிஸ்டர்கள் சாகும், பியூஸும் போகும்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பியூஸைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. டிரான்சிஸ்டர்களை மீற்றரில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன. இப்போது கார் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது மாற்றப்பட்ட காராக இருந்தால், செட் உயிரோடு இருப்பதே பெருமாளுக்குச் சாட்சி.

"பொலிஸ் வளவுக்கு நீர் தனியப் போகேலாது" என்றார் சிவஞானம் சார். "உம்மையும் பிடிச்சு வைச்சால் ஆர் போய்க் கேக்கிறது?"

"லீவு தாங்க சார். நான் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்."

"எந்தச் சொந்தக்காரர்?"

"ஒரு காரு சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தன் மேசையிலிருந்த சின்ன டோர்ச்சை எடுத்து என் பையில் போட்டார்.

ரயிலில் அப்புத்தளை வரை போய் அங்கிருந்து பஸ் எடுத்தேன். பொலிஸ் நிலையத்தில் இருந்த சார்ஜன், பெட்டியோடு வந்த நீதிமன்றக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். ஓய்வுக்கு நெருங்கிய வயது. என் சிங்களத்தைக் கேட்டு முகம் கொஞ்சம் இளகியது. தானே வந்து பொனெட்டைத் தூக்கினார்.

"மிஸ், நான் கான்ஸ்டபிளா இருந்தப்ப இதே காரில போயிருக்கேன். அந்தக் காலத்திலேயே இந்தச் செட் சரியாப் பேசாது. காலால ஒரு உதை கொடுத்தா ரெண்டு வார்த்தை பேசும்" என்று சிங்களத்தில் சொன்னார்.

"அதை எழுதித் தருவீங்களா, சார்ஜன்?"

"எழுதிக் கொடுத்துட்டு என் பென்சனை உங்ககிட்டயா வந்து வாங்குறது?" என்று சிரித்தார்.

டோர்ச்சை அடித்தேன். பற்றரியிலிருந்து காரின் உடலுக்குப் போகும் பட்டையின் முனையில் இருந்தது சிறிய வளையம். பற்றரியின் இரண்டு முனைகளும் ஒரே பருமன் அல்ல, எதிர் முனைதான் சிறியது. அந்த வளையம் எதிர் முனைக்கு மட்டுமே பொருந்தும். பட்டையைக் காரோடு இறுக்கிய போல்ட்டின் மேல் அரக்கு நிறப் பெயின்ட் முழுதாகப் படிந்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. கார் அரக்கு நிறம் பூசப்பட்ட பிறகு அந்த போல்ட்டை யாரும் தொடவில்லை. பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். பெருமாளின் பெயருக்கு மாறும் முன்பே அதில் நிறம் அரக்கு என்று இருந்தது. காரில் வேறு தனிப் பற்றரி கிடைக்கவில்லை என்பதைப் பொலிஸின் பட்டியலே சொன்னது. ஆகவே கார் பெருமாளின் கைக்கு வந்த நாளிலிருந்து இந்தச் செட்டுக்கு ஒரு தடவைகூட மின்சாரம் போகவில்லை.

இந்த முறை எதையும் துடைக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்து, பிறகு எழுதினேன்.

இரண்டாவது அறிக்கையை நீதவான் ஏற்றுக்கொண்டார். முதல் அறிக்கையில் தன் தவறைத் தானே எழுதியவர் என்பதால் இதை நம்பலாம் என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது எனக்குப் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் தவணை நாள்வரை பெருமாள் உள்ளேதான் இருந்தார்.

விடுதலையான மறு வாரம் அவர் பணிமனைக்கு வந்தார். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "மிஸ், அந்தப் பெட்டியத் திருப்பித் தருவாங்களா? கழட்டுன எடத்துல நாலு ஓட்டை இருக்கு, டிக்கியில மழைத்தண்ணி வருது" என்றார். பேசும்போது வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அந்த விரல்கள் முதல் வாரத்தில் அப்படியாயினவா, என் பதினான்கு நாளில் ஆயினவா என்று நான் கேட்கவில்லை. ஓட்டையை அடைக்க இரண்டு ரப்பர் மூடிகள் கொடுத்தேன். இன்னும் இரண்டு தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு எட்டு வருடம் வேலை செய்தேன். பணிமனையின் பழக்கத்தை மாற்றினேன். மூடியைத் திறந்ததும் எழுது, பிறகு பிரஷ்ஷைத் தொடு. "இதெல்லாம் வேலைய இழுத்தடிக்கிறது" என்று முதலாளி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டேன். சிவஞானம் சார் பிள்ளைகளோடு வெளிநாடு போகும்வரை என் அறிக்கை எதையும் தலைகீழாகத் திருப்பவில்லை. தூசி பற்றி நாங்கள் மறுபடி பேசவும் இல்லை.

நிரோஷா வந்த அன்று முதலாளி சொல்லியனுப்பிய செய்தியையும் சொன்னாள். பழைய செட்டுகளைப் பார்க்க ஆள் இல்லை, தை மாதத்திலிருந்து அரைநாள் வேலைக்கு வர முடியுமா என்று. மனம் துள்ளியது. மகளுக்குப் பதினான்கு மாதம். என் அம்மா இல்லை. கணவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பிள்ளையை விட ஒரே இடம், எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக் காம்பரா. போய்ப் பார்த்தேன்.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் வசந்தா.

ஹயர் ஓட்டம் நின்றுபோன பிறகு பெருமாளின் சொந்தக்காரர்கள் இருக்கும் இந்தத் தோட்டத்துக்கே வந்துவிட்டார்களாம். அவர் இப்போது தொழிற்சாலை வாசலில் காவல் வேலை செய்கிறார். வசந்தா என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, முகத்தில் அது வந்து போனது. கையை நீட்டினார், என் மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாவிப் போனாள்.

"பால் குடிக்கிறாளா, சோறு சாப்பிடுறாளா மிஸ்?"

"ரெண்டும்தாங்க. காரம் ஆகாது."

"ராத்திரி இருமுனா மட்டும் காலையில வந்து சொல்லிருங்க. நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான். அந்த அறை சுத்தமாக இருந்தது. தொட்டில் சேலைகள் துவைத்துக் காய்ந்திருந்தன. இந்த வட்டாரத்தில் இவரைவிட நல்ல கை இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: வரி எழுத மறுத்தவள். பிரஷ் பற்றித் தெரியாது.

வாசகர்களே, அந்த வரியை எழுதியிருக்க வேண்டுமா என்று உங்களிடம் கேட்கவில்லை. அதில் யார் என்ன சொன்னாலும் நான் மாறப் போவதில்லை. எனக்குத் தெரியாதது வேறு. தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பிள்ளையை விடும் முதல் நாளுக்கு முன்பே வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னால், பிறகு ஒவ்வொரு காலையும் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு என்னால் நிம்மதியாகப் பஸ் ஏற முடியுமா? அப்படிச் சந்தேகப்படுவதே அவருக்குச் செய்யும் இன்னொரு அநியாயம் இல்லையா? சொல்லாமல் கொடுத்தால், என் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் ஒருவரிடம் எத்தனை நாள் மறைப்பது? பிள்ளைகளைப் பிறர் கையில் விட்டு வேலைக்குப் போன தாய்மார்கள் எழுதுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் யாராவது இதை வாசித்தால், அவர்கள் முதலில் எழுதுங்கள். ஒரு தாய் உங்களிடம் இப்படி வந்து சொன்னால், அதை அவள் எந்த நாளில் சொல்ல வேண்டும் என்று விரும்புவீர்கள்?